விலை ஏறாத மணல்

லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் ஷூ போட்டு நடந்தவர் அவர் ஒருவர்தான். சென்னைக்காரர்களுக்கு ஃபிளாட் விற்கும் தரகர். எந்த இடத்தில் நின்றாலும் அதைக் காலடியால் அளந்து பார்ப்பது அவர் பழக்கம். அன்று நாங்கள் வலை காயவைக்கும் மணலை அளந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், இதையும் விக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; அதுவும் பொருளாதாரம். கேள்வி கேட்க எனக்கென்ன பயம்?

"இல்லம்மா, எனக்குத்தான் வாடகைக்கு ஒரு வீடு வேணும்."

திருவொற்றியூரில் அவர் விற்க விற்க விலை ஏறியது. கூடவே அவர் வீட்டு வாடகையும் ஏறியது. மீஞ்சூருக்கு வந்தார், அங்கேயும் நன்றாக விற்றார். அங்கேயும் வாடகை ஏற, அனுப்பம்பட்டுக்கு மாறினார்; இப்போது அந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகளோடு எங்கே போவதென்று தெரியவில்லை.

"நீங்க வித்த வீட்டுல யாரு சார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. விலை ஏறட்டும்னு பூட்டி வச்சிருக்காங்க," என்றார் பெருமையாக.

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த என் நைனா நிமிர்ந்தார். "இங்க வாடகைன்னு ஒண்ணு கெடையாது சார். ஊர் கூடி எடம் காட்டும், கட்டிக்கினு இருக்கலாம். ஆனா விக்கக் கூடாது. ஒங்களுக்காக ஊர்ல கேட்டுப் பாக்கட்டா?"

அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"விக்கக் கூடாதுன்னா விலை எப்படிங்க ஏறும்?"

"ஏறாது சார்."

"விலையே ஏறாத எடத்துல எப்படிங்க குடும்பம் நடத்துறீங்க?"

அவர் குரலில் எங்கள் மேல் உண்மையான இரக்கம் இருந்தது. ஷூவிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, வீடு தேடிப் பொன்னேரி பஸ் ஏறினார்.