மாடு வரும் நேரத்துக்காகத் திறந்து வரைந்த கதவு

பாடசாலை மண்டபத்து மூலையில் யாரோ மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். முகாமில் இருக்கும் மற்றவர்களுக்கு அது தேநீர் வரப்போகும் வாசனை. எனக்கோ கடல் வாசனை. சிரிக்காதீர்கள். டர்பன்டைன் வாங்க வழியில்லாமல், மண்ணெண்ணெயில் தூரிகை கழுவித்தான் நான் எண்ணெய் ஓவியம் பழகினேன். வரைந்து முடித்தது ஒரே ஒரு படம், ஒரு கடலோர நகரம்.

அப்போது நான் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியர், கல்யாணம் ஆகாதவன். பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருந்தேன். அப்புத்தளையில் ஒரு கடைக்காரர் கொடுத்த பழைய நாட்காட்டியில் அந்தப் படம் இருந்தது. எந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியரோ வரைந்தது: அந்திச் சிவப்பில் துறைமுகம், கோபுரங்கள், கரையோரம் நெருக்கியடித்த மாடி வீடுகள். பதுளையில் சாயக் குழாய்கள் வாங்கினேன். படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தேயிலைப் பெட்டிப் பலகையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைந்தேன். கடலை அதுவரை கண்டதில்லை. காலையில் பள்ளம் நிறைய மூடுபனி கிடக்குமே, அதைப் பார்த்துப் பூசினேன்.

ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என்றது நான் பார்த்துப் பழகிய ஓவியப் புத்தகம். எங்கள் குளிரில் எது காயும்? மூன்று வாரமாகியும் வானம் விரலில் ஒட்டியது. ஈர விறகை என்ன செய்வோமோ அதையே செய்தேன். பக்கத்துக் காம்பரா ராக்கு அக்காவின் அடுப்புக்கு மேலே, பரணில், விறகோடு விறகாக வைத்தேன். காய்ந்துவிட்டது. ஆனால் வானமெல்லாம் கரி.

“என்னா வாத்தியார் தம்பி, ஒங்க ஊர்ல மழ வரப்போகுது போல!” என்று அக்கா சிரித்தார்.

துடைக்கத் துடைக்கக் கரி பரவியது. வேறு வழியில்லாமல் அந்தியை இருட்டாக்கி, வீடுகளுக்கு மஞ்சளில் விளக்கேற்றினேன். உடனே லயமே திரண்டு வந்து ஆளுக்கொரு வீடு பிடித்தது.

“கோபுரத்துக்குப் பக்கத்து மாடி எனக்கு.”

“மொழங்கால் வலிக்காரி, ஒனக்கு எதுக்குடி மாடி?”

ராக்கு அக்கா கரையோர வீடொன்றைக் காட்டினார். “கதவ மூடி வைக்காதீங்க தம்பி. மாடு வர்ற நேரம்.”

நாட்காட்டியில் அந்தக் கதவு மூடியிருந்தது. நகலெடுப்பவன் இஷ்டத்துக்குத் திறக்கலாமா? திறந்துவிட்டேன்.

பிறகு கல்யாணம், மகள், லயத்துக்குக் கீழேயே ஒரு வீடு. படத்தைக் காட்டி மகளிடம் எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன்!

போன வாரம் மூன்று நாள் அடைமழை. மலையில் வெடிப்பு கண்டதும், காலையிலேயே எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். பாடசாலைக்கு வந்து பார்த்தால் மகளைக் காணோம். ராக்கு அக்காவும் இல்லை. கட்டிய மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனாராம். கொஞ்ச நேரத்தில் மகள் மட்டும், படம் வரைந்த பலகையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடி வந்தாள். அவள் மண்டபத்துப் படியேறவும் மலை சரிந்த சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

பதினாறு வயதுப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் அறைந்தேன். இதுவரை அடித்ததில்லை.

“படம் எடுக்கவாடி போன?”

“நீங்கதானப்பா சொன்னீங்க, நம்ம லயம் பூரா இதுக்குள்ள இருக்குன்னு.”

தூறல் விழுந்தாலே அவளைத் தேடுகிறேன். கழிப்பறைக்குப் போனாலும் வெளியே காவல் நிற்கிறேன். “போங்கப்பா, மானம் போகுது” என்கிறாள்.

மறுநாள் மாடு தனியாக இறங்கி வந்தது. அக்காவை மூன்றாம் நாள் மண்ணிலிருந்து எடுத்தார்கள். பன்னிரண்டு காம்பராவும் இல்லை. அந்தப் பரணும் இல்லை. பலகை தந்த தேயிலைப் பெட்டிகள் எப்போதோ போய், காகிதச் சாக்குகள் வந்துவிட்டன.

நேற்று மகள் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, “ராக்கு அத்தை வீடு எதுப்பா?” என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். கதவு திறந்தே இருக்கிறது. மாடு மைதானத்து மரத்தடியில் நிற்கிறது.