வாயில்லாப் பூச்சி

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் மின்னி பே பகுதியில் என் அக்கா மகள் ஸ்டெல்லாவின் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சும்மா இல்லை. தீவுகளுக்குக் கப்பல் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுன்டர் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மறுநாள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. ஆனால் அவள் சேரப்போவதாக ஒரு தகவலும் இல்லை. "என்னன்னு நீயே போய்க் கேளு" என்று அக்காதான் அனுப்பினாள்.

ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு புரோத்ராபூரில் அவள் வாய் பிரசித்தம். "பையா, யே கல் கா மச்லி ஹை... நேத்துப் பிடிச்சத என்கிட்டயேவா?" என்று அவள் ஆரம்பித்தால் மீன்காரர் கூடையை மூடிவிடுவார். கப்பல் டிக்கெட் க்யூவில் எவனாவது நடுவில் புகுந்தால் — தொலைந்தான்!

இப்போது? காபி கொண்டுவந்து வைத்தாள். சிரித்தாள். கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

"எங்க ஸ்டெல்லா வாயில்லாப் பூச்சி, மதினி. ஏக்தம் ஷாந்த், அவ்வளவு அமைதி! இப்படி மருமக யாருக்குக் கிடைப்பா?" என்றார் மாமியார். பாராட்டுதான்.

"அந்த வேலை விஷயம்...?" என்று இழுத்தேன்.

"அவளுக்கே இஷ்டமில்ல, மதினி."

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் ஒரு பூச்சி. இரண்டு உள்ளங்கை அகலம், செங்கல் நிறம். பேச்சை மாற்ற வழி கிடைத்த சந்தோஷத்தில் அவள் கணவர் அந்தோணி செல்போனில் தேடிப் படித்தார். அட்லஸ் அந்துப்பூச்சியாம். புழுவாக இருக்கும்போது இலை இலையாகத் தின்று தீர்க்குமாம். பிறகு கூடு கட்டி உள்ளே போனால், பழைய உடம்பு பெரும்பாலும் கரைந்து புது உடம்பு உருவாகுமாம்.

"றெக்கை எல்லாம் வந்துடும். ஆனா வாய் கிடையாதாம். புழுவா இருந்தப்ப தின்னத வச்சு ஒரு வாரம் ஓட்டும். அவ்வளவுதான், அப்புறம் கதம்" என்றார்.

"நெசமாவே வாயில்லாப் பூச்சியா! நம்ம ஸ்டெல்லா மாதிரி!" மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தோணியும் சிரித்தார்.

கல்யாண ஹாலில் எல்லோரும் சொன்னோமே — பெண் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிறாள் என்று! பட்டாம்பூச்சிக்காவது தேன் குடிக்கச் சுருட்டி வைத்த ஒரு குழாய் உண்டு. நாம் பட்டுச் சேலையில் சுற்றி அனுப்பும் பெண்கள் பலர் இந்த இன்னொரு பூச்சியாகத்தான் வெளியே வருகிறார்கள். அதற்கு "அடக்கம்" என்று பெயர் வேறு. யாருடைய வசதிக்கு இந்த அடக்கம்?

கிளம்பும்போது கேட் வரை வந்தாள். "நெசமா உனக்கு இஷ்டமில்லையாடி?" என்று கேட்டேன்.

"சித்தி..." என்று வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து "ஸ்டெல்லா!" என்று குரல் வந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கள் போய்விட்டது. கவுன்டரில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பூச்சி வாயில்லாமல் ஒரு வாரம் வாழ்ந்தால் போதும். ஸ்டெல்லாவுக்கு வயது இருபத்தைந்து.