சாலேலும் பசேலும்: மோர்காவ் வழியில் ஓர் ஆயில் ஃபில்டர்

மழை ஓய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவர் சேகரும் புனே விஷ்ராந்த்வாடியிலிருந்து மோர்காவ் வரை பைக்கில் போய்வந்தோம். போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் சாயங்காலக் காபிக்கு வீடு திரும்பிவிடக்கூடிய எளிய வழிதான். அங்குள்ள பிள்ளையாரைப் பார்க்கப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் போனது, வண்டியை விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய.

வண்டி பதினோரு வயதான 150 சிசி. சேகர் ஆசை ஆசையாக வாங்கியது. போன வருஷம் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். அதன்பிறகு ஆக்ஸிலரேட்டரைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்க முடிவதில்லை. வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எட்டு மாதமாக ஹடப்சர் ஆபீசுக்கு அதில்தான் போய் வருகிறேன். ஆனால் இந்த மனிதர் ஒரு நாள்கூட என் பின்னால் ஏறி உட்கார்ந்ததில்லை. கேட்டால் ஆட்டோ வசதி என்பார். இதற்கு நடுவில் நிக்டியிலிருந்து ஒருவர் வாங்குவதற்காக வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

"ஒரே ஒரு டிரிப் போலாம் செல்வி," என்றார் சேகர். "நல்லபடியா போய்ட்டு வந்தா வெச்சுக்கலாம். வழில நின்னுச்சுன்னா மன்டே சாவிய நிக்டிகாரன்கிட்ட குடுத்துடுவேன். டீக் ஹை?"

"நான் ஓட்டுததப் பாக்கப் போறியளா, வண்டி நிக்குதான்னு பாக்கப் போறியளா?"

"தோனோ. ரெண்டும்தான்."

சேகர் புனே கட்கியில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் ஆற்காடு என்றாலும் அவர் பேசும் தமிழில் இந்தி பாதி, மராத்தி கால். நான் அம்பாசமுத்திரத்துக்காரி, கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகப் புனேவாசி. என் மராத்தி காய்கறிக்கடை வரைக்கும் கம்பீரமாகப் போகும். அதைத் தாண்டினால் கொஞ்சம் நொண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

சனிக்கிழமை மதியம் நானே ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். பழைய ஆயிலை வடித்து, இன்ஜினின் வலப்பக்கம் உள்ள சின்ன வட்ட மூடியின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றி, பழைய ஃபில்டரை வெளியே எடுத்தேன். விசிறி மாதிரி மடித்த காகிதத்தாலான உருளை, அவ்வளவுதான். சுத்தக்காரி என்று பெயரெடுத்தவள் இல்லையா, கையோடு அதைப் பொட்டலம் கட்டிக் கட்டடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அன்று நான் செய்த முதல் தப்பு அது.

ஆளந்தி ரோட்டில் வழக்கமாகப் போகும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூட்டம். வண்டிக் கம்பெனியின் ஃபில்டர் தீர்ந்துவிட்டது. வேறு கம்பெனிகள் செய்து விற்கும் ஆஃப்டர்மார்க்கெட் ஃபில்டர்கள் இரண்டைக் கடைக்காரர் மேஜைமேல் வைத்தார். ஒன்று எழுபது ரூபாய், இன்னொன்று நூற்றுப்பத்து. எழுபது ரூபாய் ஃபில்டரில் காகித மடிப்புகள் கோணல்மாணலாக இருந்தன, பசையும் வழிந்திருந்தது. நூற்றுப்பத்து ரூபாய்க்காரன் மடிப்பு கலையாத பட்டுப்பாவாடை போல இருந்தான். கத்திரிக்காய் பொறுக்குகிற கண்ணால் பார்த்து அதைக் கையில் எடுத்தேன்.

"ஹா சாலேல்," என்றார் கடைக்காரர்.

"சாலேல், சாலேல்," என்று நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். மராத்தியில் சாலேல் என்றால் ஓடும், சரிப்படும். கடைக்காரரே ஓடும் என்கிறார், பிறகென்ன?

வீட்டில் மாட்டும்போது மூடி சுலபமாகப் பொருந்தவில்லை. ஒரு நூல் இடைவெளி விட்டுக்கொண்டு நின்றது. புது ஃபில்டர் அல்லவா, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூன்று போல்ட்டுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். மூடி உட்கார்ந்துவிட்ட மாதிரித்தான் தெரிந்தது. ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. சேகர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனி ஃபில்டர்தானே என்று கேட்டார். வெளிக் கம்பெனி என்றதும் புருவம் ஏறி இறங்கியது.

ஞாயிறு காலை 6.10க்குக் கிளம்பினோம். சேகர் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் தெரியாத பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட இவ்வளவு கூச்சப்பட மாட்டார். ஹடப்சர் பதின்மூன்று கிலோமீட்டர், 6.45. அங்கே ஆளுக்கொரு டீ குடித்தோம். ஏழு மணிக்குள் ஹடப்சரைத் தாண்டிவிடுவது நல்லது, பிறகு லாரிகள் சேர்ந்துவிடும். அங்கிருந்து சாஸ்வட் ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் திவே காட் மலைப்பாதை. வளைவுகள் அகலமானவை, புதிதாக ஓட்டுபவர்கள் பயப்பட வேண்டாம். ஈரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் இரண்டு பக்கமும் பச்சை கண்ணை நிறைக்கும். நான் ஒவ்வொரு வளைவையும் மெதுவாக, ஒழுங்காக எடுத்தேன். பின்னால் இருந்து பாராட்டு ஏதும் வரவில்லை.

மேலே ஏறி, கீழே மஸ்தானி ஏரி தெரியும் இடத்தில் படம் எடுக்க நிறுத்தினேன். 7.25. இறங்கிப் பார்த்தால் என் வலது பூட்ஸ் பளபளக்கிறது. சேகரின் பேன்ட் முழங்கால் வரை எண்ணெய்ப் புள்ளி. ஃபில்டர் மூடியைச் சுற்றிப் புது ஆயில் தேன்நிறத்தில் கசிந்து சைலன்ஸர் வரை ஓடியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

"எப்பத்துலேருந்து வருது இது?" என்று கேட்டேன்.

"காட் ஆரம்பிச்ச அப்பவே கால் வழுக்குச்சு," என்றார் சேகர், ஏரியைப் பார்த்தபடி.

"தெரிஞ்சும் சொல்லலியா? டயர்ல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இதுல போயா வாய மூடிட்டு வருவிய?"

"சொன்னா, குத்தம் கண்டுபுடிக்கத்தான் வந்தேன்னு நெனச்சுப்ப. நீ நல்லா ஓட்டிட்டு வந்தே. இன்னாத்துக்கு கெடுக்கணும்னு..."

திட்டுவதை விட்டுவிட்டுக் குனிந்தேன். டயரைத் தடவிப் பார்த்தேன், நல்லவேளை காய்ந்திருந்தது. இன்ஜின் பக்கத்துக் கண்ணாடித் துளையில் ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. பையில் மீதி ஆயில் கால் பாட்டில் இருந்ததை ஊற்றினேன். அதற்குள் சேகர் போனை எடுத்து எதையோ தட்டினார். நிக்டிக்காரரிடம்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். சாஸ்வட்டில் எட்டரைக்குத் திறக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, எட்டு கிலோமீட்டர். முப்பதுக்கு மேல் போகாமல், இரண்டு தடவை நிறுத்தி மூடியையும் டயரையும் துடைத்து, போய்ச் சேர்ந்தோம்.

கடையை நடத்துவது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தாயி என்று கூப்பிட்டேன், இங்கே அக்கா என்று அர்த்தம். இன்ஜின் ஆறட்டும் என்று அரைமணி உட்கார வைத்தார். பிறகு மூடியைக் கழற்றச் சொல்லி, என் பட்டுப்பாவாடை ஃபில்டரை வாங்கி, தம் கடையில் இருந்த இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்தினார். என்னுடையது ஒரு நூல் கூடுதல் உயரம்.

"ஹா உஞ்ச் ஆஹே. பஸ்ணார் நாஹி," என்றார். இது உயரம், உட்காராது. உயரமான ஃபில்டர் மூடியைத் தள்ளிப் பிடித்ததில், உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி அறுந்திருந்தது.

"ஆனா கடக்காரரு சாலேல்னு சொன்னாரே," என்று சேகரிடம் முறையிட்டேன்.

"எப்டி சொன்னாரு? அப்டியே சொல்லிக் காட்டு."

நான் சொல்லிக் காட்டினேன். ஹா சாலேல், கடைசியில் குரல் லேசாக மேலே போகும். சேகரும் தாயியும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"அரே செல்வி, அவரு சொல்லல, கேட்டிருக்காரு! கம்பெனிது இல்ல, இது உனக்குப் பரவால்லயான்னு கேட்டாரு. நீ பரவால்லன்னு சொல்லிட்டு வந்துட்டே."

அதாவது, கூட்டத்தின் நடுவே அவர் என்னை நம்பினார், நான் அவரை நம்பினேன். என் வண்டிக்கு அது பொருந்துமா என்று இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வார்த்தை பசேல், உட்காருமா என்று. பதினான்கு வருஷமாகக் காதில் விழுகிற சொல்தான். ஆனால் பசேல் என்றால் இன்னமும் எனக்கு நாற்று நட்ட வயல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இத்தனைக்கும் எங்கள் ஊர் மெக்கானிக்கும் பொருந்தாத பாகத்தைப் பார்த்து உக்காரலை என்றுதான் சொல்வார். ஆக, மராத்தி மேல் தப்பில்லை, கடைக்காரர் மேலும் இல்லை.

தாயியின் கடையில் கம்பெனி ஃபில்டரும் இருந்தது, வெளிக் கம்பெனி ஒன்றும் இருந்தது. சேகர் கம்பெனி டப்பாவைத்தான் தொடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் என் பக்கம் நகர்த்தி, "நீ பாரு. நீதானே மாட்டப் போறே," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டையும் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கோடு வைத்து மூடியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இரண்டுமே தடங்கலில்லாமல் உட்கார்ந்தன. வெளிக் கம்பெனி ஃபில்டரின் ரப்பர் மிருதுவாக, நகம் பட்டால் அமுங்கி எழுந்தது. தொண்ணூற்றைந்து ரூபாய். அதையே எடுத்தேன். பாதி காரணம் ரப்பர், மீதி வீம்பு. புது ரப்பர் வளையம் இருபது. சிந்திய ஆயிலுக்கு ஈடாக ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டேன். போல்ட்டுகள் இந்த முறை விரல் பலத்திலேயே பாதி தூரம் இறங்கின.

9.50க்கு மறுபடி கிளம்பினோம். ஜேஜுரி பதினேழு கிலோமீட்டர். கோயில் படியடியில் நிறுத்தி மூடியைத் தடவினேன், ஈரமில்லை. படியேறாமல் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு, பக்தர்கள் தூவும் மஞ்சள் பொடி படிந்த ஹெல்மெட்டோடு மோர்காவுக்கு இன்னொரு பதினேழு. அங்கேயும் தடவினேன், ஈரமில்லை. பிள்ளையாரைக் கும்பிடுவதற்கு முன்னால் இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைச் சேகர் பார்த்துவிட்டார். கோயில் பக்கத்தில் பாக்ரியும் பிட்லாவும், அதாவது சோள ரொட்டியும் கடலைமாவுக் குழம்பும், ஆளுக்கு நூற்றிருபது. வயிறார இருக்கும்.

திரும்பும்போது சாஸ்வட் தாண்டி, முதுகில் ஏதோ இடித்தது. பிறகு ஹெல்மெட்டில் ஒரு டொக். மறுபடி டொக். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால் மனிதர் தூங்குகிறார். நடுவே இருந்த பை அவர் மடிக்குப் போயிருந்தது, கை என் இடுப்பில். எழுப்பித் திட்டு திட்டென்று திட்டினேன். பின்னால் உட்கார்ந்து தூங்குவது ஆபத்து, யாரும் செய்யாதீர்கள். ஆனால் எட்டு மாதமாக என் வண்டிப் பக்கமே வராதவர் தூங்குகிற அளவுக்கு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்கு உண்டான சந்தோஷத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். டீ வாங்கிக் கொடுத்து விழிக்க வைத்து, 4.40க்கு வீடு வந்து சேர்ந்தேன்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். புது ஃபில்டர் உட்காரும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கடைக்கே எடுத்துப்போய் உயரம், நடு ஓட்டை, ரப்பர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியின் மாடலோடு வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள். ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், இருபது ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம். மூடி கையழுத்தத்தில் பொருந்தாவிட்டால் போல்ட்டை முறுக்காதீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். மாட்டிய பிறகு தெருவில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு மலைப்பாதைக்குப் போங்கள். வெளிக் கம்பெனி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை, பார்த்து வாங்கினால் நன்றாகவே உழைக்கும்.

திங்கட்கிழமை காலை நிக்டிக்காரர் சரியாக ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். நான் ஆபீசுக்குக் கிளம்பிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வண்டியின் ஆர்சி புத்தகத்தில் இன்றுவரை சேகர் பெயர்தான் இருக்கிறது. அவர் சாவியை என் கையில் போட்டுவிட்டு, போனில் மராத்தியில் பேசினார்.

"காடீ மாஜீ நாஹி, தாதா. பாய்கோசீ ஆஹே. தீ தேணார் நாஹி."

வண்டி என்னுடையது இல்லை, அண்ணே. என் மனைவியுடையது. அவள் தரமாட்டாள்.