பொட்டு வைத்த இரும்பு

பொத்தேரிக் கல்லூரி மைதானத்தில் என்னிடம் பயிற்சி பெறும் பெண்கள், வட்டெறியும் வட்டத்துக்குள் கால் வைக்கும் முன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒருநாளும் தவறாது. மலேசியாவில், ஈப்போவில் நான் குண்டெறிதல் போட்டிகளுக்குப் போன காலத்தில் காலணியின் அடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவோம், அவ்வளவுதான். தமிழச்சிக்குத் தமிழ்நாட்டில் இதெல்லாமா புதுசு என்று அங்கே இருக்கும் நீங்கள் கேட்கலாம். விமானம் ஏறும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்து இறங்கிய நாளிலிருந்து இங்கே என் பெயர் 'மலேசியா மேடம்'. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு மாடியில் குடியிருக்கிறேன். வீட்டுக்கார அக்கா நல்லவர்தான். ஆனால் என் தமிழ் பிடிபட நேரமாகும், நான் பேசி முடித்து இரண்டு நொடி கழித்துத்தான் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பது பால்காரரிடம் மட்டும்.

விளையாட்டு அறிவியல் படித்தவள் நான். பளு தூக்குவதையும் எறிவதையும் ஒன்றாகக் கோத்து, எந்த வாரம் எத்தனை கிலோ, எந்த நாள் ஓய்வு என்று பன்னிரண்டு வாரத்துக்குச் சுவர் நீளச் சார்ட் போட்டு ஒட்டியிருந்தேன். கஸ்தூரிக்காகவே போட்டது என்றும் சொல்லலாம். கோவளத்துப் பெண், அம்மா மீன் விற்பவர். இடுப்பு முதலில் திரும்பி, தோள் அதன் பின்னால் வரும் அந்த வரிசை அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்காவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த அவள் சீட் போய்விடும். என் ஒரு வருட ஒப்பந்தமும் அத்தோடு சரி. அணித் தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால் கடைசியாகக் கனமான எடை தூக்க வேண்டும், பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த நாளுக்குக் காலண்டரில் சிவப்பு மை இருந்தது. விடுமுறைதானே, கூட்டம் இருக்காது, நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி!

காலையில் ஜிம்முக்குள் போனால், பார்பெல்லுக்கு மாலை. எடைத் தட்டு ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். குண்டும் வட்டும் ஈட்டியும் வாழையிலையில் வரிசையாக இருந்தன. நம் பக்கம் லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். அது நசுங்கியதும் லாரி வேலைக்குப் போய்விடும். "இன்னிக்கு ஆயுத பூஜை மேடம். நாளிக்கு காலைல எடுத்துக்கலாம்" என்றார் ஜிம்மைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி அண்ணன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. துணியை எடுத்துக் கம்பியை அழுத்தித் துடைத்தேன்.

"வா கஸ்தூரி, தூக்கு."

அவள் அசையவில்லை. "பொட்டு வச்சத தொட மாட்டேன் மேடம். நாளிக்கு தூக்கறேன்."

"இன்னைக்குத் தூக்காட்டி நாளைக்கு வராதே!"

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். வீம்புக்கு ஒரு வட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் நானே எறிந்தேன். அதை எடுத்து வரவும் நானேதான் நடக்க வேண்டியிருந்தது. நான்கு தடவை எறிந்தேன், நான்கு தடவை நடந்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் வாழைக்கன்று கட்டிய பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு போயின. பஸ் மட்டும் ஓடலாமாம்! சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்தது.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள், கஸ்தூரி வரவில்லை. தாம்பரம் போய்ப் பஸ் பிடித்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் இறங்கினேன். படகுகள் பக்கம் அவள் அம்மாவோடு உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கதான வராதன்னீங்க" என்றாள் நிமிராமல். நம் ஊரில் பயிற்சியாளர் நாளுக்கு நாலு தடவை அப்படிக் கத்துவார். அதற்காக யாரும் வராமல் நிற்க மாட்டோம்.

அவள் அம்மாதான் பேசினார். "நேத்து எங்க வூட்டு படகே தண்ணில எறங்கல மேடம். வலைக்கும் பொட்டு வச்சி வுட்டுட்டோம். வருஷம் பூரா நமக்கு ஒழைக்குது, ஒரு நாள் அதுக்கும் ஓய்வு வோணுமில்ல?"

ஓய்வும் பயிற்சிதான் என்று வகுப்பெடுப்பவள் நான். வெட்கமாகிவிட்டது. "சாரி கஸ்தூரி" என்றேன்.

"இன்னா மேடம், சாரியெல்லாம் சொல்லிகினு..." என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மாலையே எடையைத் தூக்கினாள். சார்ட்டில் ஒரு நாளைத் தள்ளிப் போட்டேன், குடிமுழுகிப் போகவில்லை. தேர்வில் இரண்டே இடம். கடைசி வீச்சில் அவள் இரண்டாவதாக வந்தாள். வட்டு விழுந்ததும் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மற்ற பெண்களுக்கும் யாராவது வந்திருந்தார்கள். கல்லூரி முதல்வர் என் கையைக் குலுக்கி, "இன்னும் ஒரு வருஷம் இருங்க மேடம், லெட்டர் ரெடி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இன்னும் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றுதான் மனதில் ஓடியது.

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருக்கும் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து ஈப்போவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "எங்க பொண்ணு ஜெயிச்சிட்டாம்மா."

"அப்ப வந்த வேலை முடிஞ்சிருச்சு. ஊருக்கு எப்பம்மா வர்றே?"

ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கலாம்மா" என்று ரிசீவரை வைத்தேன். பூத்துக்காரர் கதவைத் திறந்து ரசீதை நீட்டினார். பேச்சைக் கேட்டிருப்பார் போல, முகமெல்லாம் சிரிப்பு. "ஊருக்கு எப்ப மேடம் போறீங்க?" என்றார். அவரிடமும் பார்க்கலாம் என்றேன். அடுத்துப் பேச நின்றவர் கண்ணாடியைத் தட்டும்வரை, வைத்த ரிசீவரின் மேலிருந்து கையை எடுக்காமல் உள்ளேயே நின்றிருந்தேன்.