துரை திரும்பத் திரும்ப வந்த நாள்

பதுளையில் ஒரு கடைக்கு மேலே இருந்த கணினி வகுப்பில் எங்கள் ஆறு பேருக்கும் ஒரே கணினிதான். படம், சத்தம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் காட்சி செய்யும் மென்பொருளை அதில்தான் படித்தோம். சனிக்கிழமை விடியற்காலையில் மடுல்சீமையில் பஸ் ஏறி, அந்தப் பாதையில் எலும்பெல்லாம் கழன்று வந்து சேர்ந்தால் என் முறைக்குக் கிடைப்பது இருபது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் கொப்பியில் கட்டம் கீறிக்கொண்டிருப்பேன்.

சொல்லித்தந்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். "இதை ஒரு நாடகம் எண்டு நினையுங்கோ" என்பார். திரைதான் மேடை. படங்களும் குரல்களும் நடிகர்கள். யார் எப்போது வந்து எப்போது போவது என்று கட்டம் கட்டமாக எழுதிவைப்பது காலக்கோடு. நான் நாடகமே பார்த்தறியாதவள். அதனால் எனக்குத் தெரிந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன். மேடை என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம். நடிகர்கள் காலையில் அங்கே பெயர் கொடுக்க வந்து நிற்கும் ஆட்கள். காலக்கோடு, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி; அவர் சொல்லாமல் ஒருத்தரும் அசையமாட்டார்கள். இதைச் சொன்னபோது சேர், "சரி, அப்பிடியும் வைச்சுக்கொள்ளலாம்" என்றார்.

ஒன்றை மட்டும் அவர் ஒவ்வொரு கிழமையும் சொன்னார். "கடைசிக் கட்டத்திலை நிறுத்து எண்டு எழுதாட்டி, அது திரும்ப முதல் கட்டத்துக்குப் போகும். அதுக்குக் களைப்பு வராது." நான் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டதோடு அந்த விஷயம் தீர்ந்தது என்று என் மூளை நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

அந்த வருடம் யாரோ புண்ணியவான்கள் எங்கள் தோட்டத்துக்கு ஒரு கணினி கொடுத்தார்கள். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடித்து வகுப்பாக்கினார்கள். தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு, திறப்பு விழாவில் தோட்டத்தைப் பற்றி ஒரு காட்சி செய்து காட்டு, நன்றாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை உனக்கு என்றார். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கொழுந்துக் கூடையையும் கொழும்பில் வீட்டுவேலையையும் விட்டால் வேறு ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

காட்சி நாற்பது வினாடி. முதலில் தொப்பி போட்ட துரையின் முகம் திரை நிறைய, அதோடு சளி பிடித்த என் குரலில் "வணக்கம்". பிறகு தேயிலை மலை, ஃபெக்டரி, பள்ளிப் பிள்ளைகள். கடைசிக் கட்டத்தில் "நன்றி"யும் வெளியேற ஒரு பொத்தானும்.

விழாவன்று துரையின் முகம் திரையில் வந்ததும் இரண்டாம் வரிசையிலிருந்த கங்காணி எழுந்தார். துரையைக் கண்டால் எழும்புவது அவருக்குப் பழக்கம். அவரைப் பார்த்து அத்தனை பேரும் எழுந்தார்கள். ஏதோ மரியாதை என்று நினைத்து, முன்னால் உட்கார்ந்திருந்த துரையும் எழுந்துவிட்டார். மலை வந்ததும் உட்கார்ந்தார்கள். "நன்றி" வந்து போனது. கைதட்டி முடிவதற்குள் துரை மறுபடியும் திரையில் வந்தார். வணக்கம். எல்லோரும் எழுந்தார்கள்.

பொத்தான் கடைசிக் கட்டத்தில் மட்டும் இருந்ததால் கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிடும், அமுக்க முடியாது. விசைப்பலகை இருந்தால் ஒரு தட்டில் நிறுத்தலாம், ஆனால் தூசு படக்கூடாதென்று அதைப் பெரிய கிளாக்கர் ஆபீஸ் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். பிளக்கைப் பிடுங்கலாம்தான். ஆனால் துரை பார்த்திருக்கத் துரையின் முகத்தை அணைக்க எனக்குத் தைரியமில்லை. தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போவேன், அதற்குள் மலையும் பிள்ளைகளும் போய்த் துரை வந்துவிடுவார்.

மூன்றாம் வரிசையில் அம்மா இருந்தாள். முப்பது வருடமாக மலை ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி அவளுடையது. ஆறாம் தரம் எல்லோரும் எழும்ப, அம்மா மட்டும் எழும்பவில்லை.

"எந்திரி" என்றார் கங்காணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"முட்டி வலிக்குதுங்க. இவரு திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருப்பாரு போல. நீங்க நில்லுங்க."

அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பெற்றவளே என் வேலையைக் கெடுத்தாள் என்று மனதுக்குள் திட்டினேன். அடுத்த தரம் பின்வரிசைப் பெண்களும் எழும்பவில்லை. அதற்கடுத்த தரம் கங்காணி பாதி எழுந்து, யோசித்து, உட்கார்ந்துவிட்டார். கடைசியில் துரையின் படத்துக்கு எழுந்து நின்றது துரை ஒருவர்தான். திரும்பிப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"இது எப்ப முடியும்?" என்று என்னைக் கேட்டார்.

"முடியாதுங்க. நிறுத்துன்னு எழுத மறந்துட்டேன்."

"வேற யாருக்கு நிறுத்தத் தெரியும்?"

துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி கூரையைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வேலைக்கு வா" என்றார் துரை.

வேலை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அலுமாரிச் சாவி கிடைத்து விசைப்பலகை வந்து சேரும்வரை திரையில் துரை இன்னும் பதினொரு தரம் வணக்கம் சொன்னார்.

சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டில் அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

"நீ எந்திரிக்காம இருந்தப்ப எனக்கு உசுரே போயிருச்சும்மா" என்றேன்.

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, மற்ற முட்டியையும் நீட்டினாள் அம்மா.