பால்கனியில் சொன்ன பாஸ்வேர்டு

மருத்துவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. காது கேளாதவர், வாய் பேசாதவர். இன்னும் இரண்டு வாரத்தில் அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. இருவருக்கும் நடுவே மேசை மேல் ஒரு திரை. அந்தத் திரைக்குள், நான்கு தெரு தள்ளி, தன் வீட்டு உள்ளறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் டீச்சர். மருத்துவரின் கேள்வியைக் காதால் வாங்கிக் கையால் சொன்னார். தொழிலாளி பதில் சொல்ல வலது கையைத் தூக்கினார்.

படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கையை ஆட்டுறாரு. இல்லைன்னு எழுதிக்கட்டுமா?" மருத்துவருக்கு அவசரம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

"எழுதாதீங்க டாக்டர். நான் பார்க்கல. பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்."

அழைப்பை மறு வாரம் வியாழன் காலை பத்து மணிக்குத் தள்ளிவைத்தார்கள். டீச்சர் தானே படிவத்தைத் திறந்து, 'என் பக்க இணைப்புக் கோளாறு' என்று எழுதி அனுப்பினார். ஐந்து வாரத்தில் அது இரண்டாவது கோளாறு. மூன்றாவது வந்தால் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மருத்துவமனையைக் குற்றம் சொல்லியிருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவர் சொல்லவில்லை.

டீச்சர் என்றாலும் அவர் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தப் போனார். இயந்திரங்கள் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. காது கேளாத தொழிலாளிகள் இரண்டு பேர் மட்டும் கையாலேயே நாள் முழுக்க வம்பளந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வம்பில் சேர்ந்துகொள்ளத்தான் இவர் கைமொழி கற்றார். அந்த இருவரில் ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

கணவர் இந்தக் குடியிருப்புக்கு வந்து ஒன்பது வருடம். எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், அதோடு சரி. அவரோடு நாலு வார்த்தை பேசட்டும் என்று, ஆறு மாதத்துக்கு முன் டீச்சர் மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் இலவச வகுப்பு தொடங்கினார். பதினொரு பேர் சேர்ந்தார்கள். டீச்சர் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான்.

திங்கட்கிழமை நெட்காரர் வந்தார். வைஃபை பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"சுவர் தடிமன்க்கா. சிக்னல் நிக்காது. பெரிய பிளானுக்கு மாறிடுங்க."

"போன வருஷமும் சுவர் இதே தடிமன்தானே தம்பி? அப்ப எப்படி நின்னுச்சு?"

நெட்காரருக்கு உடனே வேறொரு வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

டீச்சர் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் அதன் அமைப்புப் பக்கத்துக்கான முகவரியும், நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. தொழிற்சாலையில் போட்டது போட்டபடி இருந்தது. உள்ளே போனால், அந்த நேரத்தில் வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். டீச்சர் வீட்டில் மொத்தம் நான்கு: ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிவி, இரண்டு போன். பட்டியலில் பதிமூன்று இருந்தன.

அச்சுப்பிழை பார்த்த கண். பதிமூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு, தன்னுடைய நான்கையும் ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்த்து அடித்தார். மிச்சம் ஒன்பது. அவற்றில் ஒன்று காலையிலிருந்து ஓயாமல் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றினார். பட்டனை அழுத்தினாலே கருவியைச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்தினார். வைஃபைக்குப் புதிய பாஸ்வேர்டு போட்டார். பதினான்கு எழுத்து, நடுவில் இரண்டு எண். ஒன்பது கருவிகளும் உதிர்ந்தன. மதியம் தோழியைக் கூப்பிட்டுப் பார்த்தபோது படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி பட்டியலைத் திறந்தார். பதினொன்று.

செவ்வாய் முழுக்க யோசித்தார். புதன் காலை கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத் தவிர நான் யாருக்கும் சொல்லல. நீங்க யாருக்குச் சொன்னீங்க?"

கணவருக்குக் கோபம் வந்தால் விரல்கள் வேகம் பிடிக்கும். "கையை வெட்டினாலும் சொல்ல மாட்டேன்!"

"வெட்டினா எப்படிச் சொல்வீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, சமையலறையிலிருந்து பால்கனியைச் சுட்டினார். "நீதான் சொன்னே. அங்க நின்னு."

டீச்சர் பால்கனியைத் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தம்பதிக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. தெருவில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும், இரண்டாம் மாடிக்கும் கீழ் பெஞ்சுக்கும் இடையில் குடும்பக் கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். ஐந்து வாரத்துக்கு முன் கணவர் புதுப் போன் வாங்கி வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாஸ்வேர்டு கேட்டார். டீச்சர் பால்கனியில் நின்று எழுத்து எழுத்தாக விரலில் சொன்னார். திங்கட்கிழமையும் அதேதான் நடந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து வந்த பழக்கம். கைமொழி தெருவில் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கை. அதைப் பதினொரு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் தானே என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

"வகுப்பை நிறுத்திடு" என்றார் கணவர்.

டீச்சர் மறுபடி புதிய பாஸ்வேர்டு போட்டார். இந்த முறை கதவைச் சாத்தி, கணவரின் உள்ளங்கைக்குள் விரல் வைத்து எழுத்துகளைச் சொன்னார். காது கேளாதவர்கள் ரகசியம் பேசும் முறை அது. அதற்கப்புறம் பால்கனிக்குப் போய், யாரையும் பார்க்காமல், வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நிதானத்தில் தெருவுக்கு விரலில் எழுத்துக் காட்டினார்.

'பாஸ்வேர்டைப் படித்தவர் மேலே வரவும். திட்ட மாட்டேன்.'

மூன்று நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்க்கடை டைலரக்கா. கழுத்தில் இஞ்ச் டேப், கண்ணில் பயம்.

"நான்தான் டீச்சர்."

"உள்ள வாங்கக்கா. எப்படிப் படிச்சீங்க?"

"வகுப்புல நான் ஒரு வார்த்தைகூட முழுசாப் படிச்சதில்ல. கடைசி எழுத்து வர்றதுக்குள்ள மத்தவங்க கத்திடுவாங்க. அண்ணன் புதுப் போன் வாங்கின அன்னைக்குத் தைச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்க்கிறேன், நீங்க அண்ணனுக்குச் சொல்லிட்டிருக்கீங்க. ஒரு எழுத்துகூட விடல. சரியாத்தான் படிச்சேனான்னு தெரிய வேண்டாமா? போன்ல போட்டுப் பார்த்தேன். திறந்துடுச்சு!"

சொல்லும்போதே முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. டைலரக்கா அதை உடனே அடக்கிக்கொண்டார்.

"சரியான்னு பார்த்ததோட விட்டிருக்கலாமே?"

"விட்டிருக்கலாம். அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரைமணி நேரம் ஆளுங்களை உட்கார வைக்கிறேன். அவங்க மூஞ்சியைப் பார்க்க முடியல. போனைக் குடுங்கன்னு வாங்கிப் போட்டுக் குடுத்துட்டேன். காத்துல வர்றதுதானே, யாருக்கு என்ன குறையப்போகுதுன்னு…"

"உங்க போன்ல நிறைய போட்டோ இருக்கா?"

"தைச்ச துணி ஒவ்வொண்ணையும் எடுத்து வைப்பேனே. ஏன்?"

"வைஃபை கிடைச்சா அதுவா மேல ஏத்திக்கும். நீங்க எதையும் தொட வேண்டாம். காத்துல வந்தாலும் அளவு உண்டுக்கா. ஒரு சட்டைத் துணியில பதிமூணு பேருக்குத் தைப்பீங்களா?"

பிறகு, பாதியில் நின்றுபோன அந்தக் கையைப் பற்றிச் சொன்னார். டைலரக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"அந்த ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா டீச்சர்?"

"ஆகல. நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி கேட்கிறோம்." வாசல் வரை வந்து இன்னொன்றும் கேட்டார். "நடுவுல ரெண்டு நம்பர் இருந்துச்சே, அதையுமா படிச்சீங்க?"

"அதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றார் டைலரக்கா தலையைக் குனிந்தபடியே.

வியாழன் காலை பத்து மணிக்குக் கீழ்க்கடையில் ஒரு கூத்து நடந்தது. வந்தவர் ஒவ்வொருவரிடமும் போனைப் பிடுங்கி, அணைத்து, பட்டன் டப்பாவுக்குள் போட்டார் டைலரக்கா. பாஸ்வேர்டு மாறிவிட்டது, இனி எந்தப் போனும் தொல்லை தராது என்று டீச்சர் காலையிலேயே சொல்லியிருந்தார். "இருக்கட்டும், என் மனசுக்கு" என்று டைலரக்கா கேட்க மறுத்துவிட்டார்.

மாடியில் திரை விரிந்தது. மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். டீச்சர் கையால் சொன்னார். தொழிலாளி கையைத் தூக்கினார்.

ஆம், என்றது கை. சின்ன வயதில் ஓர் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, நான்கு நாள் படுக்கை. மருந்தின் பெயர் நினைவிருக்கிறதா? இருக்கிறது. விரலை நேராக்கி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். மொத்தம் பத்து எழுத்து. நாலாவது எழுத்திலேயே அது எந்த மருந்தாக இருக்கும் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பத்தாவது எழுத்து வந்த பிறகுதான் மருத்துவருக்குச் சொன்னார்.

மருத்துவர் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்த மருந்துகளில் ஒன்றை அடித்தார். பேனாவை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "போன வாரம் நான் 'இல்லை'ன்னு எழுதியிருப்பேன்" என்றார். முப்பத்தெட்டு நிமிட அழைப்பில் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

டீச்சர் எழுந்து பால்கனிக்கு வந்தார். கீழே டைலரக்கா கடை வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போன் இல்லாத நான்கு பேர், என்ன ஏதென்று புரியாமல், தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.

டீச்சர் விரலை உயர்த்தி, நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"என்னக்கா சொல்றாங்க?" என்றார் ஒருவர்.

"இரு, இரு. இன்னும் ஒரு எழுத்து இருக்கு."

அந்த எழுத்தும் வந்தது. "'நல்லபடியா முடிஞ்சது'ன்னு சொல்றாங்க." டைலரக்கா பட்டன் டப்பாவைத் திறந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தார்.