ஒன்று புள்ளி மூன்று ஐந்தின் கூட்டுத்தொகை

1. பெட்டி திரும்பி வந்த வியாழன்

சிதம்பரம் கிளையில் கம்ப்யூட்டர் அசெம்ப்ளி என் பொறுப்பு. ஒரு வியாழக்கிழமை காலை ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் ஜமால் பாய் வந்து நின்றார். லால்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர். மூன்று வாரத்துக்கு முன் எங்களிடம் வாங்கிய புது கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, ஃபேன் மட்டும் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. ஞாயித்துக்கெழம மாப்புள சவுதிக்கு ஃப்ளைட் ஏறுறாரு. அதுக்குள்ள வீடியோ அவரு கையில இருக்கணும். இல்லன்னா ஊர்ல ஒருத்தரும் நமக்கு அடுத்த கல்யாணம் தர மாட்டாங்க."

கழற்றிப் பார்த்தேன். ப்ராசஸரின் அடியில் பழுப்பாகத் தீய்ந்த தடம். மதர்போர்டின் சாக்கெட்டிலும் அதே. டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தது. அவர் எடுத்த வீடியோவெல்லாம் பத்திரம்.

ஏன் தீய்ந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத் தெரியும்.

2. முதலாளியின் கணக்கு

எங்கள் முதலாளி கடலூர்க்காரர். மஞ்சக்குப்பத்தில் பெரிய கடை, சிதம்பரத்தில் கிளை. நல்ல மனிதர்தான், ஆனால் எண் ஜோதிடம் என்றால் உயிர். வண்டி நம்பர், போன் நம்பர், கடையின் வைஃபை பாஸ்வேர்டு வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால் சனி, நாலு வந்தால் ராகு, இரண்டும் ஆகாது. மூன்று, ஆறு, ஒன்பது என்றால் நல்லது. ஆள் எடுக்கும்போதும் படிப்பைக் கேட்பதற்கு முன் பிறந்த தேதியைத்தான் கேட்பார். நான் வேலையில் சேர்ந்தது மூன்றாம் தேதி பிறந்த தகுதியில். என் டிப்ளமோவை அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரேம் பெட்டியில் வேகம் 6000, 1.35 வோல்ட் என்று போட்டிருக்கும். அந்த வோல்டேஜ் ரேமுக்கு மட்டும். ப்ராசஸருக்குள் ரேமோடு பேசுகிற பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி வோல்டேஜ். மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் அது எஸ்ஓசி என்று காட்டும். அந்த மாடல் ப்ராசஸருக்கு அது 1.30-ஐத் தாண்டக்கூடாது. புது பயாஸ் தாண்ட விடாது. எங்களுக்கு வந்த போர்டில் இருந்ததோ பழைய பயாஸ்.

மூன்று வாரத்துக்கு முன் பாயின் மெஷினில் நான் 1.25 வைத்திருந்தேன். பாய் டெலிவரி எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அன்று பார்த்து முதலாளியும் கிளைக்கு வந்திருந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று விரல் விட்டுக் கூட்டினார்.

"ரோஸ்லின், எட்டு வருது. சனிய உள்ள வச்சு கஸ்டமருக்குக் குடுப்பியா?"

"சார், இது வோல்டேஜ். சனிக்கும் இதுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"சரி, 1.30 வை. இல்ல, வேணாம், அது நாலு." ரேம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இந்தா, கம்பெனிக்காரனே போட்டிருக்கான் பாரு, 1.35. ஒம்பது. அதையே இதுக்கும் குடு."

"அது ரேமுக்கு சார். ப்ராசஸருக்கு ரொம்ப ஜாஸ்தி."

"ரெண்டும் ஒரே போர்டுலதான இருக்கு."

பாயைப் பார்த்தேன். அவர் கையை விரித்தார். "நமக்கு இந்தக் கணக்கெல்லாம் கெடையாதும்மா. ஆறாயிரம்னு சொல்லி வித்தீங்க, ஆறாயிரத்துல ஓடணும். அவ்ளோதான்."

பயாஸை அப்டேட் செய்திருந்தால் முதலாளி தலைகீழாக நின்றாலும் 1.35 ஏறியிருக்காது. நான் செய்யவில்லை. இவரிடம் எத்தனை வருடம் வாதாடுவது, பட்டால்தான் புத்தி வரும் என்று ஒரு வீம்பு. கேட்டதை வைத்துக் கொடுத்தேன். மெஷின் ஜம்மென்று ஓடியது. மெமரி டெஸ்டில் ஒரு பிழையும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நவக்கிரகங்களும் அவர் பக்கம் நின்றன. என் வீம்புக்குப் பட்டது பாய்தான்.

3. ஒரே ஒரு தட்டு

அதே மாடல் ப்ராசஸரும் போர்டும் மஞ்சக்குப்பம் கடை முகப்பில், சந்தனம் குங்குமம் வைத்த டிஸ்ப்ளே மெஷினில் இருந்தன. பாயின் பெட்டியோடு கடலூர் பஸ் ஏறினேன்.

தீய்ந்த ப்ராசஸரை முதலாளியின் மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய் இத எந்த நேரத்துல ஆன் பண்ணாருன்னு கேட்டியா?"

"நேரம் காரணமில்ல சார். நாம வச்ச வோல்டேஜ். தீஞ்சிடும்னு தெரிஞ்சேதான் நான் வச்சேன்."

அவர் எழுந்துபோய் டிஸ்ப்ளே மெஷினின் ஸ்க்ரூவைத் தானே கழற்றினார். "அவரு பொழப்பு போயிடும். மொதல்ல இத மாத்து."

மாற்றினேன். முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடியும் 1.25-ல் வந்து நின்றேன். பின்னால் அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"ஏம்மா, இது அஞ்சு அஞ்சாத்தான் ஏறுமா?"

"இல்ல சார். ஒண்ணொண்ணாவும் ஏறும்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு ஏத்து."

பிளஸ் கீயை ஒருமுறை தட்டினேன். 1.26. அதே ஒன்பது. 1.30-க்குக் கீழே, ஒரு ஆபத்தும் இல்லாத ஒன்பது.

"நடுவுல நம்பர் இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? நான் படிச்சவன் இல்ல. நீ படிச்சவதான?"

வெட்கமாக இருந்தது. அத்தனை வருடம் அந்தக் கூட்டல் கணக்கைக் கேலி செய்திருக்கிறேன், ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

6000-லேயே டெஸ்ட் பிழையில்லாமல் முடிந்தது. மறுநாள் பெட்டியை பாயிடம் ஒப்படைத்தேன். சனிக்கிழமை மாலை பென் டிரைவ் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டதாக போன் செய்தார்.

இன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. 1.17 ஒன்பது, 1.20 மூன்று, 1.23 ஆறு, 1.26 ஒன்பது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தச் சீட்டு வந்த பிறகு எங்கள் கடையில் ஒரு ப்ராசஸரும் தீயவில்லை.